விபத்துப் படங்களும் மங்கல வழக்கும்



மொழிக்கென்று அமைந்த மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் மோட்டார் சைக்கிள் விபத்துக்கு என்ன வேலை என்று, அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேச இந்நாட்டில் உரிய துறைகள் உள்ளன. நாம் பேச வந்தது விபத்தைப் பற்றியன்று. விபத்தில் இறந்தவரின் உடலைப் படமெடுத்துப் புலனத்திலும் முகநூலிலும் அனுப்புகிறோமே, அந்தச் செயலைப் பற்றியே பேச வந்தோம். எப்படிப் பார்த்தாலும் அது ஒருவர் மற்றொருவருக்குச் சாவுச் செய்தி சொல்வதாகும். சாவை எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கணம் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு வழக்கு வகுத்திருக்கிறது. ஆதலால் இது மொழியாசிரியரின் பாடத்துக்குள் வருகின்ற செய்திதான்.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கல வழக்குக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். அவருக்கு மிக முற்பட்ட தொல்காப்பியரோ, அவையில் சொல்லத்தகாத சொல்லுக்கு அவையல் கிளவி என்று பெயரிட்டு, அதனை மறைத்துச் சொல்லுமாறு விதிக்கிறார். வகுப்பில் இப்பகுதியைப் பத்து நிமிடத்தில் நடத்தி முடித்துவிடுகிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வராத பகுதி என்பது காரணமாயிருக்கலாம்.

துஞ்சினார் என்று சொல்வது பொய்யில்லையா என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. பொய்யன்று. துஞ்சினார் என்ற சொல்லைக் கேட்டு, அவர் உறங்குகிறார் போலும், பிறகு வரலாம் என்று திரும்பிப் போனவர் எவருமில்லை. செய்தி முழுமையாகவே சென்று சேர்கிறது. கேட்பவர் தாங்கிக்கொள்ளும் வடிவில் சேர்கிறது. உண்மையைக் குறைக்காமல் அதன் கூர்மையை மட்டும் கேட்பவரின் பக்கமிருந்து திருப்பி வைப்பதே மங்கலம். இதனை நாங்கள் நூலிலிருந்து கற்றதைவிட ஒரு சனிக்கிழமைக் காலையில் கற்றதே மிகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இரவுப் பணி முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், விடியற்காலை மழையில் லோரி ஒன்றின் பக்கத்தில் சிக்கி இறந்தார். அவ்வழியே சென்ற யாரோ படமெடுத்தார். காலை ஒன்பது மணியளவில் அப்படம் எங்கள் பள்ளியின் ஆசிரியர் குழுவுக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கு மோட்டார் வாங்கிக் கொடுக்குமுன் இதைப் பாருங்கள் என்று பெற்றோரை நோக்கிய ஒரு வாசகமும் உடனிருந்தது. எங்களுள் இருவர் அதனை வகுப்புக் குழுக்களுக்கு அனுப்பினோம். மாணவர்களே, தலைக்கவசம் அணியுங்கள் என்று நல்ல எண்ணத்தோடு ஒரு வரியும் சேர்த்தோம். அந்த இளைஞர் தலைக்கவசம் அணிந்தே இருந்தார். படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. அனுப்பிய நாங்கள்தாம் பார்க்கவில்லை.

படிவம் நான்கில் படித்த மாணவி ஒருத்தி அப்படத்தை வீட்டில் தன் பாட்டியின் அருகில் அமர்ந்து பார்த்தாள். பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றிருந்தனர். முகம் தெரியாதபடி யாரோ மறைத்திருந்தார்கள். காலணியைக் கொண்டு அண்ணனை அடையாளம் கண்டாள். போலீசார் அவ்வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றாகியிருந்தது. இடைப்பட்ட இரண்டு மணி நேரம் அப்பிள்ளையின் வாழ்வில் எவ்வாறு கழிந்தது என்பதை நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் தகுதியும் எங்களுக்கு இருக்கவில்லை.

முகத்தை மறைத்துவிட்டால் படத்தை அனுப்பலாம் என்று வாதிடுவோருக்கு இதைவிட விரிந்த விடை எங்களிடம் இல்லை. அந்நியருக்கு மட்டுமே முகம் அடையாளம். வீட்டாருக்குக் காலணி போதும். வண்டியின் எண் போதும். தலைக்கவசத்தில் ஒட்டிய கோயில் திருவிழா ஒட்டுவில்லை போதும்.

இனி மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இவ்வாறு அனுப்புவோர் எல்லாரும் கொடியவர் அல்லர். பெரும்பாலோர் எச்சரிப்பதாகவே எண்ணுகின்றனர். எச்சரிக்க வேண்டிய தேவையும் இருக்கத்தான் செய்கிறது. 2016ஆம் ஆண்டு மலேசியச் சாலைகளில் 7,152 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 பேர். இந்நாட்டில் சாலையில் இறப்போருள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. 16 வயது நிரம்பியதும் நம் மாணவர் பி2 உரிமம் பெறலாம். அதாவது, நம்முன் சீருடையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே இந்தக் கணக்குக்கு மிக அருகில் இருப்பவர்கள். இத்தனை பேர் சாகும்போது ஒரு படத்தைக் காட்டி ஓர் உயிரைக் காத்தால் தவறா என்று கேட்கும் மாணவருக்கு, பண்பாடு, மரபு என்று மட்டும் பேசி விடை சொல்லிவிட முடியாது. படம் உண்மையிலேயே உயிரைக் காக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அச்சமூட்டித் திருத்த முடியுமா என்பது பழைய ஆராய்ச்சி. 1953இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பல் பாதுகாப்பு பற்றி மூவகைப் பேச்சுகளை நிகழ்த்தச் செய்தனர். ஒன்று மென்மையானது, ஒன்று நடுத்தரமானது, மற்றொன்று அழுகிய ஈறு, சிதைந்த பல் முதலியவற்றின் படங்களோடு கூடியது. மூன்றாவதைக் கேட்ட மாணவரே மிகுதியாகக் கலங்கினர். ஆனால் சொல்லப்பட்ட பழக்கத்தைக் கைக்கொள்வதில் அவர்களிடம் கண்ட நிகர மாற்றம் 8 விழுக்காடு மட்டுமே. மென்மையான பேச்சைக் கேட்டவர்களிடம் அது 36 விழுக்காடு. பின்வந்த ஆய்வுகள் இம்முடிவை அப்படியே ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அச்சம் பயன் தருவதுண்டு. ஆனால் தப்பும் வழியையும், அவ்வழியில் தன்னால் செல்ல முடியும் என்ற நம்பிக்கையையும் உடன் கொடுத்தால்தான் பயன் தரும். வழி காட்டாத அச்சம் பார்ப்பவரை முகம் திருப்பச் செய்கிறது. எனக்கு இது நேராது என்று சொல்லிக்கொள்ளச் செய்கிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1959இல் "சிக்னல் 30" என்றொரு படம் எடுத்தார்கள். உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்தைக் குறிக்க அம்மாநிலப் போலீசார் வானொலியில் பயன்படுத்திய குறிச்சொல்லே அப்படத்தின் பெயர். குழூஉக்குறிக்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது. உண்மை விபத்துகளின் காட்சிகளைத் தொகுத்து, வாகனமோட்டக் கற்கும் மாணவருக்கு ஆண்டுக்கணக்கில் அதைத் திரையிட்டார்கள். பார்த்த தலைமுறையினர் படத்தை மறக்கவில்லை. ஆனால் எதை எப்படி ஓட்ட வேண்டும் என்பதை அப்படம் கற்பித்ததாக எவரும் பெருமைப்பட்டுக்கொள்வதில்லை.

சிகரெட் பெட்டியில் புண்ணையும் அழுகலையும் அச்சிடுகிறார்களே என்று சென்ற ஆண்டு சொற்போரில் மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார். சிங்கப்பூரில் 2004இலும் மலேசியாவில் 2009இலும் அவ்வழக்கம் வந்துவிட்டது. நல்ல கேள்வி, எதிரணி திணறிவிட்டது. நாம் பின்னர் யோசித்துச் சொன்ன விடை இது. அந்தப் படம் சிகரெட்டைக் கையில் எடுத்தவனிடம், எடுத்த அந்நொடியில், பெட்டியைக் கீழே வைத்துவிடு என்று சொல்கிறது. வைத்துவிடுவது அவனால் முடியும். மேலும் அதைப் பலர் கூடித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நேற்று இறந்தவரின் வீட்டுக்கு அது செய்தியாகச் சென்று சேர்வதில்லை. விபத்துப் படமோ படுக்கையில் கிடப்பவனுக்கும், உணவு மேசையில் இருப்பவளுக்கும், தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் வருகிறது. அவர்கள் அப்பொழுது செய்வதற்கு ஒன்றுமில்லை, அடுத்தவருக்கு அனுப்புவதைத் தவிர.

அதைவிட முதன்மையான குறை ஒன்று உண்டு. படம் முடிவைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டுவதில்லை. நீண்ட லோரி இடப்பக்கம் திரும்புகையில் அதன் பக்கவாட்டில் ஓட்டுநரின் கண்ணாடிக்கு எட்டாத இடம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளோட்டி அங்கே நிற்கிறார். தாம் லோரியைப் பார்ப்பதால் லோரிக்காரரும் தம்மைப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொள்கிறார். எங்கள் முன்னாள் மாணவரின் தங்கை தன் அண்ணனை இழந்தது அந்த ஓரிரு அடி இடத்தில். நெடுஞ்சாலையில் மழை வந்தால் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குகிறோம். அங்கே நிழல், பின்னால் வரும் மகிழுந்தின் கண்ணாடியில் மழைநீர், ஒதுங்கியவர் நிற்பது அவசரத் தடம். மழைக்கென்று அமைத்த ஒதுங்கிடம் சற்றுத் தொலைவில் இருக்கக்கூடும். நனைந்தாலும் அங்கே செல்வதே தக்கது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வாரைப் பூட்டாமல் செல்வோரும் பலர். மலேசியாவில் தலைக்கவசம் கட்டாயமானது 1973இல். வார் இன்னும் பலருக்குக் கட்டாயமாகவில்லை. வார் பூட்டாத கவசம் முதல் மோதலிலேயே கழன்று உருண்டுவிடும்.

இவற்றுள் ஒன்றையேனும் அந்தக் குருதிப் படம் சொல்லுமா? சொல்லாது. சொற்களால் சொல்லலாம். கரும்பலகையில் ஒரு லோரியும் ஒரு மோட்டார் சைக்கிளும் வரைந்து, கோடு போட்டுக் காட்டினால் படிவம் நான்கு மாணவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். ஓவியம் அவ்வளவு நன்றாக இராது, ஆயினும் விளங்குகிறது.

படமே எடுக்கக்கூடாது என்பதும் நம் வாதமன்று. சாலையிலுள்ள குழியைப் படமெடுங்கள். எரியாத விளக்கை, சிதைந்த தடுப்பை, கிளை மறைத்த அறிவிப்புப் பலகையை எடுங்கள். எடுத்து ஊராட்சி மன்றத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் அனுப்புங்கள். மோதியதைப் பதிவு செய்த வண்டிக் கேமரா இருந்தால் அதனைப் போலீசாரிடம் கொடுங்கள். அடுத்த உயிரைக் காக்கும் படங்கள் இவை. இவற்றைக் குழுவில் எவரும் அவ்வளவு விரும்பிப் பகிர்வதில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். எச்சரிப்பது மட்டுமே நம் நோக்கம் என்றால், குழியின் படம் ஏன் நூறு பேரைக் கடந்து செல்வதில்லை?

இந்த இடத்தில் இலக்கியம் பயிலும் மாணவரிடமிருந்து மற்றொரு தடை எழும். எழுந்தும் இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடுகின்றனவே, அதைப் பாடமாக வைத்துக்கொண்டு மங்கலம் பேசலாமா என்பது அது. தமிழ் கோரத்தைக் காணாத மொழியன்று என்பதை ஒப்புக்கொள்வோம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சாத்தனார் புகார் நகரத்துச் சுடுகாட்டை அணுஅணுவாக விரித்துச் சொல்கிறார். ஆனால் அக்காதையை முழுதும் படித்தால் ஒன்று தெரியும். சுடுகாட்டில் கிடக்கும் பிணங்கள் எவரென்று சுட்டப்படாதவை. நிலையாமையைச் சொல்ல வந்தவை. அங்கே தனியே வந்த சார்ங்கலன் என்னும் சிறுவன், பேயின் கூத்தைக் கண்டு அஞ்சி உயிர்விடுகிறான். பெயரும் தாயும் உடைய ஒருவன் இறந்ததும் காப்பியத்தின் போக்கு மாறிவிடுகிறது. அதுவரை பிணங்களைப் பார்த்துக்கொண்டிருந்த புலவர் இப்போது அவன் தாய் கோதமையைப் பார்க்கிறார். அவள் மகனைத் தூக்கிக்கொண்டு சம்பாபதியிடம் முறையிடுவதைப் பாடுகிறார். கோரக் காட்சியைக் கண்டு இறந்தவன் ஒரு சிறுவன் என்பதையும் மாணவர்க்குச் சொல்லலாம், வற்புறுத்த வேண்டுவதில்லை.

புனைவில் வரும் பிணத்துக்குத் தங்கை இல்லை. சாலையில் கிடப்பவருக்கு உண்டு. வேறுபாடு அவ்வளவே.

அப்படியாயின் எந்நிலையிலும் காட்டக்கூடாதா? காட்டும் உரிமை யாருடையது என்று கேட்பதே பொருத்தம். 1955இல் அமெரிக்காவில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொடூரமாகக் கொல்லப்பட்டான். சிக்காகோவில் நடந்த இறுதிச் சடங்கில் சவப்பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும் என்று அவன் தாய் உறுதியாக நின்றார். சிதைந்த முகத்தை உலகம் காணட்டும் என்றார். அப்படம் வெளியாகி அந்நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. ஆனால் காட்டியவர் தாய். முடிவு அவருடையது. அந்த உரிமையை வழிப்போக்கர் ஒருவர் கைத்தொலைபேசியின் ஒரு பொத்தானால் எடுத்துக்கொள்ள முடியாது. கலிபோர்னியாவில் 2006இல் நிகழ்ந்த மகிழுந்து விபத்தொன்றின் படங்கள் போலீஸ் பணியாளர் வழியாகவே வெளியே பரவின. இறந்தவரின் குடும்பத்துக்கு அப்படங்களின்மீது தனியுரிமை உண்டு என்று 2010இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 2021 தொடக்கம் முதல், இறந்தவரை இழிவுபடுத்தும் வகையில் படமெடுப்பதே குற்றம். மலேசியாவில் 1998ஆம் ஆண்டுத் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இத்தகைய பகிர்வுகளின்மீது பாயக்கூடும். சட்டத்தை இவ்வளவில் விட்டுவிடுவோம். தண்டத்தொகைக்கு அஞ்சி அனுப்பாமல் இருப்பவர், தண்டம் இல்லாத இடத்தில் அனுப்பிவிடுவார்.

நம் சாலைகளில் விபத்து நடந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். வண்டிகள் மெல்ல ஊர்கின்றன. கைகள் சன்னலுக்கு வெளியே தொலைபேசியை நீட்டுகின்றன. அதே இடத்தில் யாரோ ஒருவர், பெரும்பாலும் அருகிலுள்ள கடைக்காரர், ஒரு நாளிதழையோ மேசைவிரிப்பையோ கொண்டுவந்து உடலை மூடுகிறார். அவர் சீனராக இருக்கலாம், மலாய்க்காரராக இருக்கலாம், நன்னூலைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் நாம் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கற்பிக்கும் மங்கல வழக்கை அவர் கையால் செய்துவிடுகிறார். மூடிய அந்தத் தாளை விலக்கிப் படமெடுப்போரும் இருக்கிறார்கள் என்று மீட்புப் பணியிலிருக்கும் நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டபோது எங்களுக்கு நம்ப மனம் வரவில்லை. 999ஐ அழைத்தீர்களா என்று அத்தகையோரிடம் கேட்டால், யாராவது அழைத்திருப்பார்கள் என்பதே பெரும்பாலும் விடையாம்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பின் நாங்கள் அனுப்பியதை அழித்தோம். அழித்ததனால் எதுவும் அழியவில்லை. மாணவி மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்தபின் எங்களோடு மரியாதையாகவே பேசினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க நாங்கள் எடுத்துக்கொண்ட நாட்கள் மிகுதி. நல்ல எண்ணத்தில் செய்தோம் என்று தொடங்காமல் மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்று எங்களுக்கு எளிதில் அகப்படவில்லை.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் தகுதி வழக்குப் பாடத்தின்போது ஒரு பயிற்சி வைக்கிறோம். நமக்குத் தெரிந்த ஒருவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். வகுப்புக் குழுவுக்கு முப்பது சொற்களுக்குள் செய்தி எழுதுக என்பது பயிற்சி. முதலில் மாணவர் சிரிப்பர். துஞ்சினார் என்று எழுதினால் நண்பர் கேலி செய்வார்களே என்பர். காலமானார் என்று எழுதலாம், தவறியவர் என்றும் இறைவனடி சேர்ந்தார் என்றும் எழுதலாம் என்போம். எவ்வளவு வேகத்தில் சென்றார் என்று குறிக்கலாமா, குடித்திருந்தார் என்று கேள்விப்பட்டதைச் சேர்க்கலாமா, லோரியின் மறைவிடத்தைப் பற்றிய எச்சரிக்கையை இன்றே எழுதலாமா, அடக்கம் முடிந்தபின் எழுதலாமா என்றெல்லாம் கேட்பர். அடக்கம் முடியட்டும் என்பர் சிலர்; அதற்குள் மற்றொருவர் போய்விட்டால் என்பர் சிலர். இதில் எங்களுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை.

சென்ற ஆண்டு மாணவர் ஒருவர், முதலில் வீட்டாருக்குத் தெரிந்துவிட்டதா என்று எப்படி அறிவது என்று கேட்டார். அறிய வழியில்லை எனில் எழுதாமல் காத்திருக்க வேண்டும் என்றோம். எவ்வளவு நேரம் என்றார். வீட்டார் தாமே சொல்லும்வரை என்றோம். அப்படியானால் அந்தப் பயிற்சிக்கு விடையே எழுதத் தேவையில்லையே என்றார். அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தோம்.

இப்பயிற்சித் தாளின் படிகள் வாயிலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளன. தத்தம் பள்ளியில் நடத்திப் பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் எடுத்துச் செல்லலாம்.